இருபத்தேழு தடவை எடுத்த படம்

லைசன்ஸ் ஆபீசில் ஆறாம் நம்பர் அறை போட்டோ எடுக்கிற அறை. அங்கே உட்கார்ந்திருப்பவரை எல்லோரும் போட்டோ அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவரைவிடப் பத்து வயது மூத்த ஆபீசரும் அக்கா என்பார். வேலைக்குச் சேரும்போது தற்காலிகம் என்று சொன்னார்கள். பதினெட்டு வருஷமாகத் தற்காலிகமாகவே இருக்கிறார். நான் அதே ஆபீசில் தரை துடைத்துத் தண்ணீர் பிடித்து வைக்கிற வேலையில் இருக்கிறேன். ஆறாம் நம்பர் அறையில் மின்விசிறி நன்றாக ஓடும். அதனால் மதியச் சாப்பாட்டுக்கு அங்கே போய் உட்காருவேன். அப்படித்தான் அவரைக் கவனிக்கப் பழகினேன்.

அவருக்குப் பெயர் எதுவும் மனசில் நிற்காது. தங்கை வீட்டுக்காரர் பெயரைக் கேட்டால்கூடக் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவருதாம்பா, உயரமா இருப்பாரே" என்பார். பீரோ சாவியைத் தினமும் தேடுவார். ஆனால் ஒரு தடவை அந்த ஸ்டூலில் உட்கார்ந்து கேமராவைப் பார்த்த முகம் அவரை விட்டுப் போகாது. பத்து வருஷம் கழித்து லைசன்ஸைப் புதுப்பிக்க வந்த ஒரு அம்மாளிடம், "போன தடவை முன்பல்லு ஒண்ணு உடைஞ்சிருந்துச்சே, கட்டிட்டீங்களா?" என்று கேட்டார். அந்த அம்மாள் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அது பொய்ப்பல் என்று அவர் வீட்டுக்காரருக்கே தெரியாதாம்.

"எப்படிக்கா இத்தனை பேரையும் ஞாபகம் வச்சிருக்கீங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"நான் எங்கே வச்சுக்கறேன்? அவங்கதான் போக மாட்டேங்குறாங்க" என்றார். பஸ்ஸில் ஏறினால் தலையைக் குனிந்துகொள்வாராம். நிமிர்ந்தால் பாதி பஸ் தெரிந்த முகமாக இருக்கும், அவர்கள் யாருக்கும் இவரைத் தெரியாது, சங்கடமாக இருக்கும் என்பார். பிறகு குரலைத் தாழ்த்தி, தொழில் ரகசியம் சொல்கிறமாதிரிச் சொன்னார். "மூஞ்சி மாறும்டி. தாடி வரும், சதை போடும், கண்ணு உள்ளே போகும். காது மாறாது. நான் காதைத்தான் பார்ப்பேன்."

அன்றிலிருந்து நானும் காதுகளைப் பார்த்தேன். எனக்கு எல்லாக் காதும் ஒரே மாதிரிதான் இருந்தன.

அந்த அறையைப் பற்றி இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஸ்டூலுக்குப் பின்னால் இருக்கிற திரை வெள்ளை. வெள்ளைச் சட்டையோடு வந்தால் படத்தில் தலை மட்டும் அந்தரத்தில் தொங்கும், கம்ப்யூட்டர் ஏற்காது. அதற்காகக் கருநீலக் கோட்டு ஒன்று கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். பகலெல்லாம் கதவு திறந்தே இருப்பதால் கோட்டு யார் கண்ணிலும் படாது. வெள்ளைச் சட்டைக்காரர் வந்தால் நானோ அக்காவோதான் எடுத்துக் கொடுப்போம். ஊரில் பாதிப் பேர் லைசன்ஸில் அந்த ஒரே கோட்டில்தான் இருக்கிறார்கள். சனிக்கிழமை அதைத் துவைப்பது என் வேலை.

இன்னொன்று, பழைய படம். கார்டு தொலைந்துவிட்டது, டூப்ளிகேட் வேண்டும் என்று ஒருவர் வந்தால், அவருடைய முந்தைய படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து, வந்திருப்பவர் அவர்தானா என்று பார்க்க வேண்டும். விதி அப்படி. அதற்கென்று கீபோர்டில் ஒரு பொத்தானும் இருக்கிறது. அழுத்தினால் தலைமை ஆபீசிலிருந்து படம் வந்து சேர நாற்பது வினாடி ஆகும், சில நாள் கம்ப்யூட்டரே உறைந்துபோகும். ஒரு நாளைக்கு நூற்றைம்பது பேரை முடிக்க வேண்டும் என்று கணக்கு. முன்பிருந்த ஆபீசர், "அதெல்லாம் திறந்துக்கிட்டு இருக்காதீங்க" என்று வாயால் சொன்னார், எழுத்தில் சொல்லவில்லை. கை தவறிக்கூட அழுத்திவிடக் கூடாது என்று யாரோ அந்தப் பொத்தான்மேல் டேப் ஒட்டிவிட்டார்கள். புதுப் படம் எடுத்து 'சேமி' என்று கொடுத்துவிட்டால் பழைய படம் போய்விடும். அதற்குப் பிறகு அந்த நம்பருக்கு அந்தப் புது முகம்தான் முகம்.

இது எவ்வளவு பெரிய ஓட்டை என்று, வேன்காரர் வருகிறவரை, எங்களில் யாரும் யோசித்ததில்லை.

வேன்காரர் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப் போகிறவர். பிள்ளைகள் அவரை ஹாரன் மாமா என்பார்களாம். வீட்டு வாசலில் நின்று ஹாரன் அடித்தால் தொட்டில் குழந்தை எழுந்துவிடும் என்று, அடிக்காமல் வாயாலேயே கூப்பிடுவாராம். எங்கள் ஆபீசுக்கு வந்தபோது அவருக்குக் குரலே எழும்பவில்லை. குடித்துவிட்டு லாரி ஓட்டி ஒரு கடைச்சுவரை இடித்ததாக, எங்கோ தூரத்து ஊரில், அவர் நம்பரில் வழக்குப் பதிவாகி லைசன்ஸை முடக்கியிருந்தார்கள். அந்த நாளில் அவர் இங்கே பிள்ளைகளோடு வேனில் இருந்தார். இரண்டாம் நம்பர் கவுன்டரில் கிளார்க் திரையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"இந்த நம்பர்ல இருக்கறது நீங்க இல்லையே."

"நான்தான் சார். பேரு என்னோடது. அப்பா பேரு எங்க அப்பாவோடது. பிறந்த தேதி என்னோடது."

"மூஞ்சி?"

"அது யாரோடதுன்னு தெரியலை சார்."

"கார்டு தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுத்துப் போன வருஷம் டூப்ளிகேட் வாங்கியிருக்கீங்க."

"தொலையலையே சார். இதோ கையில இருக்கு."

"அப்ப கையில இருக்கறது செல்லாது. அது தொலைஞ்சு போனதா பதிவாயிருக்கு."

வரிசையில் நின்ற ஒருவர், "தொலைஞ்சது கார்டு இல்லைங்க, நீங்கதான்" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். வேன்காரரும் மரியாதைக்குச் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. குனிந்து தரையைத் துடைத்தேன்.

பள்ளிக்கூடத்தில் அவருக்குப் பதினான்கு நாள் தவணை கொடுத்திருந்தார்கள். அதற்குள் லைசன்ஸ் சரியாகாவிட்டால் வேறு டிரைவர். அதில் நாலு நாள் ஏற்கெனவே கவுன்டர் கவுன்டராகப் போயிருந்தது. கிளார்க் அச்சடித்துக் கொடுத்த தாளை மடியில் வைத்துக்கொண்டு ஆறாம் நம்பருக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தாளில் அவருடைய பெயர், அவருடைய நம்பர், வேறு ஆளின் முகம். தண்ணீர் குடிக்க வெளியே வந்த போட்டோ அக்கா அப்படியே நின்றுவிட்டார். தாள் அவருக்குத் தலைகீழாக இருந்தது.

"இவரு உங்களுக்கு என்ன வேணும்?"

"நான்தான் மேடம் இவரு" என்றார் வேன்காரர்.

அக்கா சிரிக்கவில்லை. தாளை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "இந்த ஆளை நான் எடுத்திருக்கேன். ரெண்டு தடவை. இந்தப் படம் எடுத்தன்னிக்கு மழை. தலையைத் துவட்டிட்டு வாங்கன்னு திருப்பி அனுப்பினேன். அதுக்கு முந்தின வருஷம் மீசையோட வந்தாரு. இடது காது மடல் கன்னத்தோட ஒட்டியிருக்கு பாருங்க. வேற பேர்ல வந்தாரு. அந்தப் பேருதான்..." என்று நெற்றியைத் தேய்த்தார். பெயர் வரவில்லை.

நேராக ஆபீசர் அறைக்குப் போனார். கதவு திறந்திருந்தது, நான் வராந்தாவில் இருந்தேன். ஆபீசர் கெட்டவர் இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரு காகிதம் வேண்டும் என்று நினைக்கிறவர், அவ்வளவுதான்.

"ஞாபகத்தை வச்சு பைல் திறக்க முடியாதுக்கா. காகிதத்துல என்ன இருக்கு, சொல்லுங்க."

"இல்லைன்னா எழுதித் தரேன்."

"என்னன்னு?"

"இந்தப் படத்தை எடுத்தது நான். பழைய படத்தைத் திறந்து பார்க்காம எடுத்தேன்னு."

ஆபீசர் பேனாவைக் கீழே வைத்தார். "அக்கா, யோசிச்சுப் பேசுங்க. மொத்தமா உங்க தலையில வந்து விழும். நீங்க தற்காலிகம். ஒரே வரியில வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"அந்த மனுஷன் தப்பே பண்ணாம வீட்டுல உட்கார்ந்திருக்காரு சார். ஒரு வெள்ளைத் தாள் குடுங்க."

நாலே வரிதான் எழுதினார். டேப் ஒட்டியது யார், திறக்க வேண்டாம் என்று சொன்னது யார் என்று ஒரு வார்த்தை அதில் இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பி வந்து, டேப்பை நகத்தால் சுரண்டி எடுத்தார். பதினொரு வருஷமாக அந்த ஆபீசில் நழுவுகிற ஆட்களையும் கை கழுவுகிற ஆட்களையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தன் தப்பைத் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டிய ஒருவரை அன்றுதான் பார்த்தேன்.

தலைமை ஆபீசிலிருந்து பதில் வந்தது. விசாரித்து முப்பது நாளில் முடிவு சொல்வார்களாம். வேன்காரருக்கு இன்னும் எட்டு நாள்தான் இருந்தது.

"அந்த ஆளு வருவான்" என்றார் அக்கா, சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடி.

"எங்கேக்கா?"

"இங்கேதான். இந்த நம்பரை முடக்கிட்டாங்க இல்ல? லாரி ஓட்ட அவனுக்கு இன்னொருத்தர் பேரு வேணும். இங்கே யாரும் பழைய படத்தைத் திறக்கறதில்லைன்னு அவனுக்குத் தெரியும். ரெண்டு தடவை நல்லபடியா முடிஞ்ச இடத்தை விட்டுட்டு அவன் எதுக்கு வேற இடம் போறான்?"

"அவனுக்கு எப்படி இன்னொருத்தர் விவரமெல்லாம் கிடைக்கும்?"

"போன் வாங்க ஒரு ஜெராக்ஸ், வாடகை வீட்டுக்கு ஒரு ஜெராக்ஸ், கேஸ் சிலிண்டருக்கு ஒரு ஜெராக்ஸ்னு நாமளே ஊரெல்லாம் குடுத்து வச்சிருக்கோமே. பொறுக்கிக்க வேண்டியதுதான்."

அன்று முதல் டூப்ளிகேட் கேட்டு வருகிற ஒவ்வொருவருக்கும் பழைய படத்தைத் திறந்தார். நாற்பது வினாடி காத்திருப்பார். வரிசை வாசல்வரை போனது. நூற்றைம்பது தொண்ணூறாகக் குறைந்தது. ஆபீசருக்கு மேலிடத்திலிருந்து போன் மேல் போன். அவர் ஆறாம் நம்பர் பக்கம் வந்து, எதுவும் சொல்லாமல் நின்று, திரும்பிப் போய்விடுவார். வேன்காரர் தினமும் காலையில் வந்து பெஞ்சில் உட்காருவார், சாயங்காலம் போவார். வேறு எங்கே போவது என்று அவருக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டாம் நாள் அவர் வரவில்லை. மனைவியோடு பள்ளிக்கூடத்துக்குத் தவணை கேட்கப் போயிருந்தார். அன்று முற்பகல் மொட்டைத்தலையும் தாடியும் தடித்த கண்ணாடியுமாக ஒருவர் ஆறாம் நம்பருக்குள் வந்தார். நாற்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை. நான் மூலையில் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"கார்டு தொலைஞ்சிடுச்சு மேடம்."

"இந்த ஆபீசுக்கு முன்னாடி வந்திருக்கீங்களா?"

"இல்ல மேடம், முதல் தடவை. அப்ப எடுத்தது வேற ஊர்ல."

"வெள்ளைச் சட்டையா இருக்கே..." என்று அக்கா ஆரம்பித்தார். முடிக்கவில்லை. அந்த ஆள் அக்காவைப் பார்த்தபடியே, முகத்தைத் திருப்பாமல், திறந்திருந்த கதவுக்குப் பின்னால் கையை விட்டு, ஆணியிலிருந்த கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

என் கைத்துணி நின்றுவிட்டது. அக்கா கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"உட்காருங்க. கண்ணாடியைக் கழட்டுங்க. கொஞ்சம் வலப் பக்கம் திரும்புங்க. ம், நேரா பாருங்க." பிறகு என்னிடம், "தங்கச்சி, லைட்டு மங்கலா இருக்கு. ஐயாகிட்ட சொல்லி ஆள் அனுப்பச் சொல்லு" என்றார்.

லைட்டு கண்ணைக் கூசுகிற அளவுக்கு எரிந்துகொண்டிருந்தது. ஓடினேன். ஆபீசரிடம் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. மூச்சிரைக்க உள்ளே வந்து "காது வந்திருக்கு சார்" என்றேனாம். இப்போதும் சொல்லிச் சிரிப்பார். அன்று சிரிக்கவில்லை. வாட்ச்மேனைக் கூப்பிட்டு கேட்டைச் சாத்தச் சொன்னார். காவல் நிலையத்துக்குப் போன் போட்டார். அங்கே யாரும் சீக்கிரம் எடுக்கவில்லை.

நான் திரும்பி வந்தபோது ஒன்பதாவது படம்.

"கண்ணை மூடிட்டீங்க. இன்னொரு தடவை."

"மூடலையே மேடம்."

"கம்ப்யூட்டர் மூடிட்டீங்கன்னு சொல்லுதே. நான் என்ன செய்ய? தாடையை இறக்குங்க. இவ்வளவு இல்ல. நிழல் விழுது, கொஞ்சம் முன்னாடி வாங்க."

அந்த ஆள் கொடுத்த நம்பரின் பழைய படத்தை அக்காவால் உடனே திறக்க முடியாது. பெயர் சரிதானா என்று வருகிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று திரையைப் பாதி அவர்கள் பக்கம் திருப்பி வைத்திருப்பார். வேறு ஒருவர் முகம் அதில் வந்த நொடியே அந்த ஆள் எழுந்து ஓடிவிடுவார். 'சேமி' என்றும் கொடுக்க முடியாது. கொடுத்தால் யாரோ ஒரு மனிதரின் முகம் அந்தக் கணமே போய்விடும். வெறுமனே எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு குறை சொல்ல வேண்டும், அதுவும் நம்புகிறமாதிரி. பதினெட்டு வருஷத்தில் படம் ஏன் சரியாக வராது என்று என்னென்ன காரணம் உண்டோ எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து விட்டார்.

பதினைந்தாவது படத்தில் வெளியே வரிசை பொறுமை இழந்தது. "உள்ளே என்ன, கல்யாண ஆல்பமா ஓடுது?" என்று ஒரு குரல். "மாப்பிள்ளையைச் சீக்கிரம் அனுப்புங்கம்மா, நாங்களும் உட்காரணும்" என்று இன்னொன்று.

அந்த ஆளே சிரித்துவிட்டார். "மேடம், அழகா வரணும்னு நான் கேக்கலை. வந்தா போதும்."

"சிரிக்காதீங்க. சிரிச்சா செல்லாது. இன்னொரு தடவை" என்றார் அக்கா.

இருபத்தேழாவது படம் எடுத்தபோது ஆபீசர் வாசலில் வந்து நின்றார், பின்னால் வாட்ச்மேன். அக்கா அவரைப் பார்த்துவிட்டு பழைய படத்துக்கான பொத்தானை அழுத்தினார். திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. அந்த ஆளும் அந்த வட்டத்தைப் பார்த்தார். அது என்னவென்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கோட்டுப் பட்டனை மெதுவாகக் கழற்ற ஆரம்பித்தார். நாற்பது வினாடி.

படம் வந்தது. எழுபது வயதுப் பெரியவர் ஒருவர். நரைத்த புருவம், கழுத்துவரை பட்டன் போட்ட சட்டை. படம் எடுக்கிறார்கள் என்று கவனமாகத் தலை வாரி வந்த முகம்.

"இவரு யாரு?" என்று ஆபீசர் கேட்டார்.

"நான்தான் சார், அப்ப எடுத்தது" என்று படிவத்தில் இருந்த பெயரைத் திருத்தமாகச் சொன்னார் அந்த ஆள். பெயர் சரி. யாரும் சிரிக்கவில்லை. அக்கா வேன்காரர் நம்பரை அடித்தார். பக்கத்தில் இன்னொரு படம் திறந்தது. தலைமுடி உண்டு, தாடி இல்லை, அதே ஆள். அக்கா விரலை நீட்டி அந்தப் படத்திலும் இப்போது எடுத்த இருபத்தேழாவது படத்திலும் இடது காதைத் தொட்டுக் காட்டினார். அப்போதுதான் எனக்கும் தெரிந்தது. மடல் கன்னத்தோடு ஒட்டியிருந்தது. இவ்வளவு நாள் பார்த்தும் கண்ணில் படாதது, அவர் விரல் பட்டதும் அத்தனை தெளிவாக இருந்தது.

போலீஸ் வருகிறவரை அந்த ஆள் ஓடவும் இல்லை, சத்தம் போடவும் இல்லை. கோட்டை மடித்து ஸ்டூலில் வைத்தார். "ஏழு ஆபீசுக்குப் போயிருக்கேன் மேடம்" என்றார் அக்காவிடம். "எங்கேயும் யாரும் என்னைப் பார்த்ததே இல்லை." அவர் அதைக் குறையாகச் சொன்னமாதிரி இருந்தது. ஏழு ஆபீஸ், எத்தனை மேஜை, எத்தனை கையெழுத்து, எத்தனை முத்திரை. அத்தனையையும் தாண்டி வந்த ஆளை, ஸ்டூலில் உட்காருகிறவரை நிமிர்ந்து பார்க்கிற ஒரு பெண் நிறுத்திவிட்டாள்.

மறுநாள், பதின்மூன்றாம் நாள், ஆபீசர் காலையிலிருந்து போனிலேயே இருந்தார். மதியம் இரண்டு உத்தரவு வந்தன. ஒன்று, வேன்காரர் நம்பரில் முடக்கத்தை நீக்கி, படத்தை மாற்றித் தரச் சொல்லி. இன்னொன்று அக்காவுக்கு. கவனக்குறைவாகப் பணி செய்ததற்கு எச்சரிக்கை, மறுபடி நடந்தால் வேலை நீக்கம். ஆபீசர் அதை நீட்டும்போது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா ஒருமுறை படித்தார். "சரியாத்தான் எழுதியிருக்காங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, "வேன்காரரை வரச் சொல்லுங்க" என்றார்.

வேன்காரர் மனைவியோடு வந்தார். மனைவி வாசலிலேயே நின்றுகொண்டார். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, தொலைந்து போனதாகப் பதிவான அந்தக் கார்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அக்கா நேராகப் பார்க்கச் சொன்னார். பார்த்தார். உதடு நிற்கவில்லை. இரண்டு தடவை எடுக்க வேண்டியிருந்தது, இந்தத் தடவை நிஜமாகவே.

திரையில் தன் முகம் வந்ததும் அதைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "நான்தானா மேடம்?"

அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. இரண்டு வாரமாக எல்லாக் கவுன்டரிலும் 'நீங்க இல்லை' என்ற பதிலையே கேட்டுவந்தவர்.

அக்கா எழுந்து மேஜையைச் சுற்றி வந்தார். அவர் கையிலிருந்த கார்டை வாங்கினார். பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய படம். அதைப் பார்த்தார், குனிந்து அவரைப் பார்த்தார். அவசரப்படவில்லை. வலது காது, இடது காது, நெற்றி. வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"நீங்கதான்" என்றார்.

திரும்பிப் போய் உட்கார்ந்து 'சேமி' என்று கொடுத்தார். வேன்காரர் எழுந்திருக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒரு நிமிஷம் மேடம்" என்றார். திரையில் அவருடைய பெயருக்குப் பக்கத்தில் அவருடைய முகம் இருந்தது. அக்கா அடுத்த டோக்கனைக் கூப்பிடாமல் காத்திருந்தார்.